குதிகால் முள்ளை லேசரில் கரைப்பதாகச் சொல்லி என் மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

இப்போதுதான் அந்த மையத்துக்குப் போன் பேசிவிட்டு வைத்தேன். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறினால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள், அதனால் உடனே எழுதுகிறேன். குதிகால் வலியோடு இருப்பவர்கள் எங்கேயாவது பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முழுதும் படித்துவிடுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று இன்றைக்கே மிரட்டிவிட்டார்கள். குதிகால் வலிக்கு மட்டுமே சிகிச்சை என்று விளம்பரம் செய்கிற ஒரு தனியார் மையம். லேசர், ஊசி, அளவெடுத்துச் செய்கிற இன்சோல் எல்லாம் ஒரே பேக்கேஜ், மொத்தப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். என் மூன்று மாதச் சம்பளம்.

நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை எனக்கு. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலின் உள்பக்கம் சுரீர் என்று இழுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தால் கொஞ்சம் விடும், அப்புறம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை. பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்று சொல்கிற இந்தக் குதிகால் வலி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மாதக்கணக்கில் இப்படியே போனபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

அந்த முதல் நாளைத்தான் மனது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நான் எந்த இடம் என்று சொல்வதற்கு முன்பே கட்டை விரலால் சரியாக அந்தப் புள்ளியில் அழுத்தினார். உயிர் போனது. "இங்கதானேம்மா?" என்றார். இத்தனை நாளில் வீட்டில்கூட யாரும் என் காலை அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அப்புறம் எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டி, குதிகால் எலும்பிலிருந்து கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையைப் பேனாவால் காட்டினார். "இந்த முள்ளுதாம்மா உள்ள இருந்து குத்துது. இதைக் கரைக்காம நீங்க எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் வலி போகாது. உங்க பையன் மாதிரி சொல்றேன், தள்ளிப் போடாதீங்க." சொந்த எலும்பின் படத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்றார்கள், சேமிப்பிலிருந்து எடுத்து அங்கேயே கட்டினேன்.

அதோடு அவரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஒரு பெண் வந்து லேசர் கருவியைக் குதிகால் மேல் பிடித்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வலிக்கவும் இல்லை, சுடவும் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. நடுநடுவே குதிகாலில் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டால் "வலி ஊசிதான் மேடம்" என்பார்கள். போட்டதும் சில வாரம் நன்றாக இருக்கும், இதோ கரைகிறது என்று நானும் நினைப்பேன், அப்புறம் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

அளவெடுத்துச் செய்தோம் என்று கொடுத்த இன்சோலின் மேல்துணி சீக்கிரமே உரிந்தது. உள்ளே கம்பெனி அச்சு, சைஸ் எண்ணோடு. கடையில் ரெடிமேடாக விற்கிற இன்சோல் மேல் துணி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! என் பாதத்தை நுரைப் பெட்டியில் அழுத்தி அச்செடுத்தார்களே, அது எதற்கு?

கேட்கப் போனபோது ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "எடை குறையுங்க மேடம்". அடுத்த முறை "வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடந்திருப்பீங்க". அதற்கப்புறம் "உங்க முள்ளு கொஞ்சம் பெருசு, இன்னொரு பேக்கேஜ் போட்டாதான் முழுசாக் கரையும்". வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படிப்பார்கள், பதில் வராது. டாக்டரிடம் பேச வேண்டும் என்றால் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார், இல்லை ஊரில் இருக்க மாட்டார். பணம் வாங்கிய அன்று மட்டும் உட்கார்ந்து பேச அவ்வளவு நேரம் இருந்தது.

கடைசியில் ஒரு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில் அந்த முள் அப்படியே இருக்கிறது. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ரத்தம் கொதித்தது. இந்த முள் வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் இருக்குமாம், வலிக்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லையாம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த திசுப் பட்டை ஓடுகிறது, அது எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்து போவதுதான் வலிக்கிறது. லேசர் எலும்பைக் கரைக்காது. ஷாக்வேவ் என்ற அதிர்வலைச் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் குறையாதவர்களுக்குக் கொடுப்பார்கள், ஆனால் அதுவும் முள்ளைக் கரைப்பதற்காக இல்லை.

ஊசியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேட்டார், என்னிடம் ஒரு சீட்டு இல்லை. ஸ்டீராய்டாக இருந்தால் கொஞ்ச காலம் வலியை அடக்கும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலுக்கு மெத்தை மாதிரி இருக்கிற கொழுப்பு மெலிந்துபோகும், அந்தப் பட்டையே அறுந்தும் போகலாம் என்றார். இதை ஊசி போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

அவர் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும், கெண்டைக்காலை நீட்டிவிட வேண்டும், விரலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும், மெத்தென்ற செருப்பு போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும், ஆனால் பல மாதம் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். இதில் செருப்பைத் தவிர எதற்கும் காசே வேண்டாம். நான் மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்றைக்குப் போன் செய்து இரண்டு எக்ஸ்ரேவும் கையில் இருக்கிறது, ஊசியின் விவரம் வேண்டும், மூன்று மாதச் சம்பளம் அது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "பில்லைப் பாருங்க, நாங்க ட்ரீட்மென்ட்னு எங்கயும் போடலை" என்கிறாள் போனை எடுத்த பெண். எடுத்துப் பார்த்தேன். 'நலச் சேவை பேக்கேஜ், திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. டாக்டர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. வெளியில் எழுதுவேன் என்றதும் நோட்டீஸ் மிரட்டல், லைன் கட்.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். முள்ளைக் கரைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஊசி என்றால் மருந்தின் பெயரை எழுதி வாங்கிய பிறகுதான் காலை நீட்ட வேண்டும். பில்லில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். மரத்துப்போவது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, காலே ஊன்ற முடியாமல் போவது, இதெல்லாம் இருந்தால் வேறு பிரச்சினையாக இருக்கலாம், நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

இந்த மாதிரி மையத்திடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், புகாரை எங்கே கொடுத்தீர்கள், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். பில், இரண்டு எக்ஸ்ரே, வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அந்த உரிந்த இன்சோல் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.