கொட்டகை நாறவில்லை, நான்தான் நாறுகிறேன்: குஞ்சுத் தீவனத்தில் பியூட்டிரேட், ஐந்து பேட்ச் கழித்து

தாராபுரத்து நண்பர் நேற்று போனில், "ஏனுங்க, அந்தக் குடல் பவுடர் போடலாமுங்களா? குஞ்சு கழியுது" என்றார். அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முழங்கை வரைக்கும் அதே பவுடர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவே மனசில்லை.

நான் போடுவது கொழுப்புப் பூச்சு கொடுத்த சோடியம் பியூட்டிரேட், அதாவது பியூட்டிரிக் அமிலத்தின் உப்பு. இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு, பேட்சுக்கு 500. ஐந்து முடிந்து ஆறாவது, குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் புரூடரில் இருக்கிறது.

வாடையைச் சொல்லிவிடுகிறேன். பியூட்டிரிக் என்ற பெயரே வெண்ணெயிலிருந்து வந்ததுதான். காறிப்போன வெண்ணெயில் வருவது இந்த அமிலம். வாந்தியில் அடிப்பதும் இதே. பூச்சு இருப்பதால் வாடை தெரியாது என்றார் விற்றவர். மூட்டையைப் பிரித்த அன்றைக்கு அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். என் கைக்கு வருவதோ, கடைக்காரர் 25 கிலோ மூட்டையைப் பிரித்துக் கட்டித் தரும் ஒரு கிலோ கவர். சோப்பு, எலுமிச்சை, புளி எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், யார் குழந்தை கக்கிவிட்டது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். மகள் வண்டியில் என் பின்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

கலப்பதும் லேசான வேலையில்லை. 50 கிலோ தீவனத்துக்கு 40 கிராம். முதலில் ஒரு கிலோவில் பிசிறி, அதை ஐந்து கிலோவில் கலந்து, அப்புறம்தான் மூட்டையோடு சேர்க்க வேண்டும். நேராகக் கொட்டினால் நாலு குஞ்சுக்கு விருந்து, மற்றதுக்குப் பட்டினி.

இவ்வளவு திட்டிக்கொண்டு ஏன் போடுகிறேன்? தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, அவள் எச்சத்தையும் சேர்த்துக் கொத்தி, அவள் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை முதல் நாளே வாங்கிக்கொள்கிறது. 1973ல் பின்லாந்தில் நூர்மி, ரந்தலா என்ற ஆய்வாளர்கள் பெரிய கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மோனெல்லா என்ற கிருமி தொற்றாமல் தடுத்துக் காட்டியதும் இந்த வழியில்தான். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் ஏது? குடல் ஏறக்குறைய காலி வீடு; எது முதலில் நுழைகிறதோ அதுதான் குடியேறும். நல்ல பாக்டீரியா இருந்தால் சீக்கம் என்ற குடல் பைகளில் தானே பியூட்டிரேட் தயாராகும். குடல் சுவர்ச் செல்களுக்கு அது சோறு. இல்லாத குஞ்சுக்கு நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். இரைப்பை தாண்டும் முன்பே தீர்ந்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கொழுப்புப் பூச்சு. முன்பு கொஞ்சம் கழிந்தாலே கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கலக்கியவன் நான். 2019ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நல்லதுதான்.

மூன்றாவது பேட்சில் முதல் வாரமே 38 குஞ்சு போயிற்று. வயிறு ஊதி, தொப்புள் ஈரமாக இருந்தது. பவுடரைத் தூக்கி வாய்க்காலில் எறியப் போனேன். கால்நடை மருத்துவர் இரண்டை அறுத்துக் காட்டினார்: மஞ்சள் கரு உறிஞ்சப்படாமல் அழுகிக் கிடந்தது. ஈகோலை என்ற பாக்டீரியா, தொப்புள் வழியாக வந்தது என்றார். எச்சம் ஒட்டிய முட்டையை ஈரத்துணியால் துடைத்து இன்குபேட்டரில் வைத்த புண்ணியவான் நானே. ஈரம் பட்டால் ஓட்டின் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அதற்குத் தீவனத்தில் எதைக் கலந்து என்ன பயன்?

இன்னொன்று, தாராபுரத்தாருக்கு. கழிச்சல் வெள்ளையாக இருந்தால் ராணிக்கெட் நோயாகவும் இருக்கலாம். அது வைரஸ், இந்தப் பவுடர் அதன் பக்கமே போகாது. ஏழாம் நாள் அதற்கான தடுப்பு மருந்து, லசோட்டா சொட்டு, விட்டீர்களா? செத்த குஞ்சு ஒன்றை முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பவுடர் பிறகு.

பவுடர் போட்டதில் நான் எதிர்பார்க்காதது கூளம், அதாவது தரையில் பரப்பும் உமி. முன்பெல்லாம் இருபதாம் நாள் உமி களியாகிவிடும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். நாலாவது, ஐந்தாவது பேட்சில் கடைசிவரை உமி காலில் பொருபொருவென்று இருந்தது. குஞ்சுகளின் பின்பக்கம் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஆனால் அதே சமயத்தில்தான் தண்ணீர் டப்பாக்களைத் தினமும் கழுவ ஆரம்பித்தேன். பெருமை பவுடருக்கா, பிரஷுக்கா? பாதிப் பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரஷ் நாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆக, வாங்காதீங்க. டப்பாவைக் கழுவுங்க, சுத்தமான முட்டையை மட்டும் வையுங்க, போதும்.

நான் நேற்று அடுத்த கிலோவை வாங்கிவந்துவிட்டேன். பழைய கவரில் ஒரு கை அளவு மீதி இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தொங்குகிறது, வழி கேட்க வேண்டியிருக்காது.