மியாட்டா: 93-ஐ விற்றேன், 94-ஐ வைத்துக்கொண்டேன்

வாசலில் இரண்டு சிவப்பு மஸ்டா மியாட்டாக்கள் (கூரையை மடக்கித் திறக்கும், இருவர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்) நின்ற அந்த ஒன்றரை வருடத்தில், "ரெண்டும் ஒரே கார்தானே, எதுக்கு ரெண்டு?" என்று மனைவி கேட்காத வாரம் இல்லை. ஒன்று 1993 மாடல், மற்றது 1994. வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். அதே எழுந்து மடங்கும் ஹெட்லைட், அதே 14 அங்குலச் சக்கரம்.

பானெட்டைத் திறந்தால்தான் விஷயம். 93 வரை 1.6 லிட்டர் எஞ்சின். அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். 94-இல் 1.8 லிட்டர், 128. பன்னிரண்டு குதிரை கூடிவிட்டதே என்று துள்ள வேண்டாம், எடையும் கூடவே ஏறிவிட்டது. நேர்ச் சாலையில் எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மேட்டில்தான் தெரிந்தது: 93-ஐ மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டிய இடத்தில் 94 நான்கிலேயே முனகாமல் ஏறும். டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4.30-இலிருந்து 4.10 ஆனதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தலும் கொஞ்சம் குறைவு. ஆனால் ஐயாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் 1.6-க்கு வரும் குஷி 1.8-க்கு வராது. அதை இன்றும் தேடுகிறேன்.

உண்மையான வித்தியாசம் உடம்பில். குண்டும் குழியுமான சாலையில் 93-இன் கண்ணாடிச் சட்டமே நடுங்கும். பின்னால் வரும் லாரி ரியர்வியூ கண்ணாடியில் இரண்டாகத் தெரியும். 94-இல் கூடுதல் பிரேசிங் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தாங்குகள்) கொடுத்திருக்கிறார்கள், லாரி ஒன்றாகவே வருகிறது. மழையில் திரும்பும்போதும் அப்படித்தான். 93-இல் இருந்த விஸ்கஸ் (கெட்டித் திரவத்தால் பிடிக்கும்) டிஃபரன்ஷியல் வயதாகித் தளர்ந்து, உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றும். 94-இன் டார்சன் (பல்சக்கரங்களாலேயே பிடிக்கும் டிஃபரன்ஷியல்) பிடித்து இழுக்கிறது.

பிரேக் விஷயத்தில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். எல்லாம் ஒரே கார்தானே என்று (மனைவி சொன்னதேதான்!) 93-க்கு வாங்கும் அதே பிரேக் பேட்களை 94-க்கும் வாங்கினேன். ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, 94-இல் முன்பக்க டிஸ்க் 235 மி.மீ.யிலிருந்து 255 ஆகிவிட்டது. அன்று மாலை இன்னொரு காரில் கடைக்கு ஓடினேன்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்காக வைக்கும் டைமிங் பெல்ட்டை இரண்டிலும் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தாலும் வால்வு வளையாது என்பது பெரிய நிம்மதி. கூரைத் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மறக்காதீர்கள். பைன் மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டதால், ஒரு குளிர்காலம் முழுக்க 93-இன் இருக்கைக்குப் பின்னால் கார்பெட் ஊறிப் போய்க் கிடந்தது.

95-ஐத் தேடிப் போகாததற்கு ஒரே காரணம் ஆயில் பிரஷர் மீட்டர். 94 வரை அது நிஜம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் ஏறும், விட்டால் இறங்கும். 95 முதல் எஞ்சின் ஓடும்வரை சும்மா நடுவில் நிற்கும் பொம்மை முள்.