பெடல் பவர் மீட்டர்: நெடுந்தூர டிரையத்லானுக்குக் கைகொடுக்கிறதா?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என நீளும் டிரையத்லானில் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கென்றே, மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளந்து காட்டும் இந்தப் பெடல் பவர் மீட்டரை வாங்கினேன். அந்த வேலையை இது ஒழுங்காகவே செய்கிறது. இதயத்துடிப்பு, ஏற்றத்தில் அழுத்தத் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் உயரும். வெயிலிலும் நீரிழப்பிலும் உழைப்பு கூடாமலேயே எகிறிவிடும். வாட் கணக்கோ மிதித்த மாத்திரத்தில் திரையில் தெரிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்சத் திறன் 250 வாட் என்றால், சைக்கிள் பகுதியை ஏறத்தாழ 175 வாட்டில் ஓட்டுவது பலருக்கும் பொருந்தும். நீச்சல் முடிந்த உற்சாகத்தில் மேட்டுக்கு மேடு 300 வாட்டைத் தொடுகிறவர்கள் (தொடாதவர்கள் குறைவு) அதற்கான வட்டியை ஓட்டத்தின் பிற்பாதியில் கட்டுகிறார்கள். நொடிக்கு நொடி துள்ளும் எண் பதற்றத்தைத்தான் தரும் என்பதால், 30 வினாடிச் சராசரியைத் திரையில் வைப்பதே உசிதம்.

குறை என்றால், வெப்பநிலை மாறியபின் பூஜ்ய அளவை (பெடலில் விசை இல்லாதபோது காட்ட வேண்டிய தொடக்க அளவை) சரிசெய்யாவிட்டால் கணக்கு பிசகுகிறது. கையேடு இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. மூன்று நாள் நடக்கும், இரண்டாம் நாளில் மட்டும் 276 கி.மீ. மிதிக்க வேண்டிய அல்ட்ராமேன் டிரையத்லான் போட்டிக்குச் செல்பவர்கள் தினமும் புறப்படுமுன் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.