ரப்பர் கணக்குக்கு ஒரு லினக்ஸ் டேப்லெட்: இரண்டு வருஷத்துக்கு அப்புறம்

குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. எத்தனை நாள் பால் வெட்டு, எத்தனை ஷீட், கூலி எவ்வளவு என்று அப்பா நோட்டில் எழுதிவந்தார். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நாகர்கோவிலில் ஒரு பழைய 10 அங்குல டேப்லெட் வாங்கினேன். இன்டெலின் பே டிரெயில் பிராசஸர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி (உள் சேமிப்பு). 2023 கடைசியில் அதில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டேன்.

முதலில் பூட்டே ஆகவில்லை. பிராசஸர் 64 பிட், ஆனால் சிஸ்டத்தை எழுப்பிவிடும் யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். 32 பிட் யூஇஎஃப்ஐ-க்கான 'பூட்ஐஏ32' கோப்பு உள்ள பென்டிரைவைப் போட்டதும்தான் எழுந்தது. இருப்பது ஒரே மைக்ரோ யூஎஸ்பி துளை. ஒரு துளையைப் பலவாக்கும் ஓடிஜி ஹப்பில் கீபோர்டும் பென்டிரைவும் செருகினால் சார்ஜ் ஏறாது. முழு சார்ஜ் இல்லாமல் இன்ஸ்டாலைத் தொடங்காதீர்கள்.

வைஃபைக்கு ஒரு வேலையும் இல்லை. இதில் உள்ள வைஃபை சிப்பான ரியல்டெக் 8723பிஎஸ்-இன் டிரைவர் 2017-இல் வந்த 4.12 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரும் டெபியன் 12 இன்ஸ்டாலரோடு வருகிறது.

டச்தான் என் ஒரு வாரத்தைத் தின்றது. தொடுதலைப் படிக்கும் சிலீட் சிப்புக்கு கெர்னலில் டிரைவர் உண்டு, ஆனால் அந்தந்தத் திரைக்கென்று தனி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அது பழைய சிஸ்டத்தின் டிரைவர் ஃபோல்டருக்குள் இருந்தது. அழிப்பதற்கு முன்னால் டிஸ்க் முழுவதையும் நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். கோப்பைப் பிரித்தெடுத்து உரிய இடத்தில் வைத்ததும் டச் வந்தது, தலைகீழாக! மேல் இடது மூலையைத் தொட்டால் கர்சர் கீழ் வலது மூலைக்குப் போகும். கருவிகளுக்கான அமைப்பை எழுதும் யூடெவ் விதியில், திசையைத் திருப்ப '-1 0 1 0 -1 1' என்று ஆறு எண்களைக் கொடுத்த பிறகு விரல் தொட்ட இடத்திலேயே நின்றது. அந்த நிமிஷ சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

முதல் மாதம் அடிக்கடி அப்படியே உறைந்து நின்றது. பூட் வரியில் சி-ஸ்டேட்டை (பிராசஸர் தூங்கும் ஆழம்) 1-க்கு மேல் போகாமல் கட்டினேன், உறைவது நின்றுவிட்டது. அதற்கு விலையாக பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. அது பரவாயில்லை, பாதி எழுதிய கணக்கு போவதுதான் தாங்க முடியாதது. கேமரா இன்றுவரை வேலை செய்யவில்லை.

எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும், ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் ஜிரேமும் இருப்பதால் 2 ஜிபியில் கணக்கு அட்டவணை போடும் லிப்ரே ஆபிஸ் கால்க் ஓடுகிறது. பிரௌசரில் மூன்று டாப் தாண்டினால் திணறும். தமிழ்99 தட்டச்சில் குறையில்லை. பாலை உறை ஊற்றிவிட்டு வந்து, விரல் நுனியில் காய்ந்த ரப்பர் படலத்தை உரித்தபடியே அப்பா, "மக்கா, இந்த மாசக் கணக்கைத் திற" என்பார். இப்போது அவரே திறந்துகொள்கிறார்.

மலிவு டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் பென்டிரைவைப் போட்டு டச், வைஃபை, சத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய டிஸ்க்கை நகல் எடுக்காமல் அழிக்காதீர்கள். என் ஃபர்ம்வேர் கோப்பு இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. அந்த ஆறு எண்கள் அப்பாவின் பழைய நோட்டு அட்டையின் உள்பக்கத்தில்.