ராஸ்பெரி ஷேக் நிலநடுக்கமானி: தமிழ்நாட்டில் வாங்கலாமா?

பாடப்புத்தகத்தில் புவியின் உட்பகுதியை வெட்டிக் காட்டி, மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று பெயர் எழுதியிருப்பார்கள். கருவின் எல்லை 2,891 கி.மீ. ஆழத்திலும் உட்கருவின் எல்லை 5,150 கி.மீ. ஆழத்திலும் இருப்பது எப்படித் தெரிந்தது என்று மாணவர் கேட்டால், காட்டுவதற்கு வகுப்பறையில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தை நிரப்பும் கருவி, ராஸ்பெரி ஷேக் என்னும் இந்தச் சிறிய நிலநடுக்கமானி. சென்னையில் வைத்தாலும் புவிக்கருவைத் துளைத்து வந்த அலையை இதில் பார்த்துவிட முடியும். ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் எல்லாவற்றையும் இது காட்டாது. எது தெரியும், எது தெரியாது என்று அறிந்து வாங்கினால் ஏமாற்றம் வராது.

பனாமா நாட்டிலிருந்து வரும் கருவி. 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையக் கூட்டுநிதித் தளத்தில் நிதி திரட்டித் தொடங்கினார்கள். இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவு அவர்களுடைய வலையமைப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது மூன்றே பொருள்கள்: 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் ஒன்று, அதன் மின்னழுத்தத்தை 24 பிட்டில் எண்ணாக மாற்றும் பலகை, அந்தப் பலகை மேலே செருகி நிற்கும் ராஸ்பெரி பை கணினி. ஜியோஃபோன் என்பது காந்தத்தைச் சுற்றிச் சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள்தான். தரை அசையும் வேகத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் அதில் பிறக்கும். எண்ணெய் வளம் தேடுபவர்கள் வரிசை வரிசையாகத் தரையில் குத்தி வைப்பதும் இதே வகை. நொடிக்கு 100 மாதிரிகள், அதாவது ஒரு தடத்துக்கு நாளொன்றுக்கு 86,40,000. நிலநடுக்கப் பதிவுகளுக்கான பொதுக் கோப்பு வடிவமான மினிசீட்டில் பதிவாவதால், ஆய்வு நிலையங்களின் பதிவைப் படிக்கும் எந்த மென்பொருளிலும் திறக்கும். இந்தக் கருவியின் பெரிய பலம் இதுதான். பூட்டிய செயலிக்குள் அடைத்து வைக்காமல், தரவை உங்கள் கையில் தருகிறது.

கருவிக்குள் வரும் சிக்கல் குறைவு. கெடுவதெல்லாம் அதை வைக்கும் இடத்தில்தான்.

தரைத்தளம், மண்ணோடு ஒட்டிய கான்கிரீட் தளம், சுவரோரம். மாடியில் வைத்தால் கட்டிடம் ஆடுவதைத்தான் அளப்பீர்கள். திருகுக் கால்களைத் திருகி, ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி வையுங்கள். அடியில் பாய், கார்பெட், ரப்பர் எதுவும் கூடாது. மின்விசிறிக் காற்று நேராகப் படாதபடி மேலே ஒரு பெட்டியைக் கவிழ்க்கலாம், ஆனால் பெட்டி கருவியைத் தொடக் கூடாது; சூடு வெளியேற வழியும் வேண்டும். நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றும் மின்விசிறி, பதிவின் அதிர்வெண் நிறமாலையில் 6 ஹெர்ட்ஸில் ஒரு கோடாகத் தெரியும். நான்கு துருவ மோட்டார் 1,440 சுற்றில் ஓடினால் 24 ஹெர்ட்ஸில் நேர்கோடு போடும். கோட்டைப் பார்த்தே எந்த இயந்திரம் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், முதல் வாரம் நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் வீட்டுச் சத்தங்களை அடையாளம் காணுங்கள். பம்ப், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பக்கத்துத் தெருவின் வேகத்தடை: நான்கும் நான்கு வடிவம்.

மண்ணும் முக்கியம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் பாறை தரைக்கு அருகிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பிலும் ஆற்று வண்டலிலும் வாகன அதிர்வு பெருகி வரும். ஒரே கருவி பாறைமேல் இருக்கும்போது காட்டும் தொலைதூர நிலநடுக்கத்தைக் களிமண்மேல் காட்டாமல் போகலாம். மதுரை, கரூர், சேலம் போன்ற ஊர்களின் புறப்பகுதியில் பாறை மேல்வந்த இடத்தில் வைக்கும் பள்ளிக்கு, சென்னையின் நடுவே வைப்பவரைவிட நல்ல பதிவு கிடைக்கும்.

மின்சாரம் அடுத்த தலைவலி. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்திலேயே பை மறுதொடக்கம் ஆகிவிடுவதுண்டு. திரும்பத் திரும்ப இப்படி நின்றால் மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும், கடைசியில் அட்டையே போகும். 5 வோல்ட் வெளியீடு உள்ள சிறிய யுபிஎஸ் ஒன்றைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். நிறுத்தும்போது செருகியைப் பிடுங்காமல், உலாவியில் ஆர்எஸ்.லோக்கல் (rs.local) என்னும் கருவியின் சொந்தப் பக்கத்தைத் திறந்து அங்கிருந்தே அணையுங்கள். அட்டையின் நகல் ஒன்றை முதல் நாளே எடுத்து வைப்பது நல்லது.

நேரம் தவறினால் மீதி எல்லாம் வீண். பை 3, பை 4 பலகைகளில் தனியே ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்து, கணினிகள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி முறை வழியாகவே நேரம் பெறும். பள்ளி, கல்லூரி வலையமைப்பில் அந்த வழி அடைபட்டிருந்தால் கருவி உயிரோடு இருப்பதுபோல் விளக்கு எரியும், பதிவு மட்டும் வராது. என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 வாயில் திறந்திருக்கிறதா என்று கணினிப் பிரிவினரிடம் முதலில் கேளுங்கள். திறக்க மாட்டோம் என்றால் யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றைச் செருகி, அது வானத்தைப் பார்க்கும்படி சன்னலில் வையுங்கள். நிலநடுக்கத்தில் முதலில் வந்துசேரும் பி அலை (முதன்மை அலை) மேல்கவசத்தில் நொடிக்கு 8 கி.மீ. போகிறது. ஒரு நொடி பிசகினால் தூரத்தில் 8 கி.மீ. பிசகு. வைஃபையைவிட லேன் கம்பி மேல்.

இனி, எது தெரியும் என்ற கேள்வி.

தொலைவைக் கி.மீ.யில் சொல்வதைவிடப் புவிமையத்தில் விரியும் கோணமாகச் சொல்வதே இத்துறையின் வழக்கம். ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கி.மீ. சென்னையிலிருந்து சுமத்ராவின் பாடாங் 24 டிகிரி, இந்துகுஷ் 25, இந்தோனேசியாவின் பாண்டா கடல் 51, வடகிழக்கு ஜப்பான் 60, பசிபிக் தீவு நாடான டோங்கா 108, நடுச் சிலி 146. இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டலாம். புவித்தட்டுகள் மோதும் முக்கிய எல்லைகள் பல இதில் அடங்குகின்றன, ஒவ்வொன்றும் புவியின் வெவ்வேறு ஆழத்தைத் தொட்டு அலையை அனுப்புகிறது.

சுமத்ரா, இந்துகுஷ் அலைகள் மேல்கவசத்தின் அடிப்பகுதியை ஒட்டித் திரும்பிவிடும். பி அலை ஐந்தேகால் நிமிடத்தில் வரும், இரண்டாவதாக வரும் எஸ் அலை அதற்கு நாலேகால் நிமிடம் கழித்து. இந்துகுஷ் நடுக்கங்களில் பல 200 கி.மீ. ஆழத்தில் நடப்பவை. மேலே உள்ள மென்மையான அடுக்கை ஒருமுறை மட்டுமே கடப்பதால் அவற்றின் பி அலை ஊசிபோல் கூராக வரும். இந்தக் கருவிக்கு மிகவும் பிடித்த இரை அது. அதே அளவுள்ள ஆழமற்ற நடுக்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும். பி-க்குப் பிறகு ஒரு நிமிடத்துக்குள் இன்னொரு துடிப்பு வந்தால் அதை எஸ் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே போய்த் தரையில் பட்டுத் திரும்பிய பி அது. ஆழத்தைக் கணிக்க உதவுவதும் அதுதான்.

ஜப்பான் பி அலை கீழ்க்கவசத்துக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் வரும். நகரத்து இரைச்சலில் அது தெரியப் பொதுவாக நடுக்கத்தின் அளவு 6-க்கு மேல் வேண்டும். ஊர்ப்புறப் பாறையில் 5.5 போதும்.

அடுத்து டோங்கா. பி அலையின் வேகம் கவசத்தின் அடியில் நொடிக்கு 13.7 கி.மீ.; வெளிக்கருவுக்குள் நுழைந்ததும் 8 கி.மீ.க்குச் சரிகிறது. அதனால் அலை உள்நோக்கி மடங்கி, ஏறத்தாழ 104 டிகிரியிலிருந்து 140 வரை நேர் பி அலை வராத நிழல் மண்டலம் உண்டாகிறது. சென்னை டோங்காவின் நிழலுக்குள் இருக்கிறது. பெரிய டோங்கா நடுக்கம் ஒன்று நடந்த பிறகு, 14, 15 நிமிடங்களில் இந்தக் கருவியில் ஒன்றும் இல்லாமல் கிடக்கும். ஏறத்தாழ 18½ நிமிடத்தில் உட்கருவின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய மெல்லிய அலை வரக்கூடும். நிழலுக்குள் வந்துசேர்ந்த இத்தகைய அலைகளை, 1929-இல் நியூசிலாந்தில் நடந்த நடுக்கத்தின் பதிவுகளில் பார்த்துத்தான் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கே லேமன் (Inge Lehmann) 1936-இல் உட்கரு உண்டு என்றார்.

சிலிதான் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வரம். வெளிக்கரு வழியே மடங்கி வரும் அலைகள் 144–145 டிகிரியை ஒட்டி ஒன்றாகக் குவிகின்றன, வில்லையில் ஒளி குவிவதுபோல. நடுச் சிலியும் தென் சிலியும் சென்னையிலிருந்து சரியாக அந்த இடத்தில் விழுகின்றன: வால்டிவியா 144, 2010-இல் 8.8 அளவில் நடுங்கிய மௌலே 146. ஆகவே 16,000 கி.மீ. தாண்டி, புவியின் கருவையே கடந்து வரும் பிகேபி என்னும் அந்த அலை, ஜப்பானிலிருந்து வரும் சில அலைகளைவிடத் தெளிவாகத் தெரிவதுண்டு. அதிர்வெண்ணும் 1 ஹெர்ட்ஸை ஒட்டியது. விலைகுறைந்த ஜியோஃபோனுக்கு எட்டும் எல்லை. நடுக்கம் நடந்து 19½ நிமிடம் கடந்ததும் பாருங்கள். ஐரோப்பியப் பள்ளிகளுக்கு எழுதிய கையேடுகளைப் பார்த்துச் செய்பவர்கள் இந்த வாய்ப்பைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால் சிலியின் கோணம் வேறு.

அலையைத் தேடும் முறை இது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பட்டியலிலிருந்து நடுக்கத்தின் இடம், ஆழம், தொடங்கிய நேரம் மூன்றையும் எடுங்கள். நேரம் யுடிசியில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், கருவியின் நாள் கோப்பும் காலை 5.30-க்குத்தான் மாறும். ஆப்ஸ்பை என்னும் இலவசப் பைத்தான் தொகுப்பில், எந்த அலை எப்போது வரும் என்று கணக்கிடும் வசதி உண்டு. புவிக்குள் அலையின் வேகம் ஆழத்தோடு மாறுவதைத் தரும் ஐஏஎஸ்பி91 மாதிரியை அதற்குக் கொடுங்கள். பிறகு 25 நிமிடப் பதிவை வெட்டி எடுத்து, முதலில் சராசரியையும் சரிவையும் நீக்கி, துண்டின் இரு முனைகளிலும் வீச்சைப் படிப்படியாகச் சுழியத்துக்குக் குறைத்து, அதன் பின்பே 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். வரிசை மாறினால் துண்டின் தொடக்கத்தில் பொய் அலை ஒன்று முளைக்கும். அதை நிலநடுக்கம் என்று கொண்டாடியவர்கள் பலர். பைத்தான் வேண்டாம் என்றால் ஸ்வார்ம் மென்பொருளில் பொத்தான்களாலேயே வடிகட்டலாம்.

தெரியாதவை இனி. 20 நொடி அலைநேரமுள்ள மேற்பரப்பு அலைகள் இதில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மின்னணுச் சுற்று ஜியோஃபோனின் எல்லையை 1 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வரை நீட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் பெரிய நடுக்கத்தின் திருப்புத்திறன் அளவை (moment magnitude) இதிலிருந்து நேரடியாகக் கணக்கிட முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று எஸ் அலை. கவசம் எஸ் அலையின் உயர் அதிர்வெண்ணைப் பி-யைவிட வெகுவாகத் தின்றுவிடுகிறது. 60 டிகிரியில் எஸ் அலை பூமியில் வந்துகொண்டுதான் இருக்கும், இந்தக் கருவியில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே, "எஸ் அலை திரவத்தில் போகாது, அது வரவில்லை, எனவே வெளிக்கரு திரவம்" என்று இந்தப் பதிவை வைத்து வகுப்பெடுப்பது தவறு. ஜப்பான் நடுக்கத்திலும் அது வரவில்லையே என்று ஒரு மாணவர் கேட்டால் பதில் இருக்காது. திரவக் கருவுக்கான அந்தச் சான்றைக் காட்ட, நீண்ட அலைநேர அலைகளையும் பதிவுசெய்யும் அகலப்பட்டைக் கருவியின் பதிவு வேண்டும். இலங்கையில் பல்லேகலை நிலையமும் ஹைதராபாத் நிலையமும் உலக வலையமைப்புகளில் இருப்பவை, பதிவுகள் இலவசம். அதே ஆப்ஸ்பையில் ஒன்றை இறக்கி, அதையும் உங்கள் கருவியின் பதிவையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். பி இரண்டிலும், எஸ் ஒன்றில் மட்டும். கருவியின் எல்லையைப் புவியின் எல்லையோடு குழப்பிக்கொள்ளாதிருக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

எந்த மாதிரி? செங்குத்து ஜியோஃபோன் ஒன்று மட்டும் உள்ள 1டி, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் போதும், ஏனென்றால் கருவைக் கடந்து வரும் அலை ஏறக்குறைய நேர் செங்குத்தாகத்தான் மேலே ஏறுகிறது. கிடைத்தள அசைவையும் பார்க்க விரும்பும் கல்லூரித் துறைகள் 3டி வாங்கலாம். அதை வடக்கு நோக்கித் திருப்பி வைக்க வேண்டும், இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட்டுக்கு அருகே கைபேசித் திசைகாட்டியை நம்பக் கூடாது. 4டியில் கூடுதலாக உள்ள முடுக்கமானிகள் ஜியோஃபோன் திணறும் அளவு வலுத்த அதிர்வுக்கானவை. அந்தமான், கட்ச், அசாம் போன்ற இடங்களுக்கு அது பொருந்தும், தமிழ்நாட்டில் காசு வீண்.

கையில் ராஸ்பெரி பை இருந்தால் பலகையும் ஜியோஃபோனும் மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டியை நீங்களே செய்யலாம். செலவில் கணிசமாகக் குறையும். விலை டாலரில், அனுப்பும் கட்டணமும் சுங்கமும் தனி. பணம் கட்டுவதற்கு முன், உங்கள் பையின் பதிப்பை அந்தப் பலகை ஏற்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.