இளங்குதிரையின் கேன்டர்: நீள்கயிற்றிலா, சேணத்திலா?

நீண்ட இடைவெளிக்குப் பின் இளங்குதிரையின் கேன்டரை, அதாவது மூன்றடித் தாளத்தில் அமையும் மிதவேக ஓட்டத்தைச் சீராக்க, நாம் நடுவில் நின்று பிடிக்கும் நீள்கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிடலாம். அல்லது நேரடியாக ஏறிச் சவாரி செய்யலாம். கயிற்றில் முதுகின்மேல் பாரம் இல்லாததால் குதிரை தன் சமநிலையைத் தானே தேடிக்கொள்கிறது. மூன்று குளம்படிகளும், அதையடுத்து நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணத்தின் நிசப்தமும் நமக்குத் தெளிவாகக் கேட்கின்றன. நான்காவதாக ஓர் அடி கேட்டால், குதிரை துள்ளலை இழந்துவிட்டது என்று பொருள். சோர்வினாலும் அப்படி ஆகும் என்பதால் உடனே நிறுத்திவிடலாம். ஆனால், வட்டத்தின் விட்டம் 20 மீட்டரைவிடக் குறையும்போது வளராத மூட்டுகளின் மீது சுமை கூடும்.

சவாரியில் நேர்கோடு கிடைக்கிறது. டிராட்டிலிருந்து (கேன்டரைவிட மெதுவான, ஈரடித் தாள ஓட்டம்) கேன்டருக்குச் சென்று, சில எட்டுகளிலேயே மீண்டும் டிராட்டுக்குத் திரும்பும் பயிற்சி பின்கால்களுக்கு நன்கு வலுவூட்டும். எனினும், இடைவெளியில் தளர்ந்தது குதிரை மட்டுமன்று. சவாரி செய்பவர் சேணத்தில் அமரும் உறுதியும் தளர்ந்திருக்கும். தடுமாறும் கை கடிவாளத்தைப் பற்றி இழுக்கும்போது குதிரை தலையைத் தூக்கி, முதுகை இறுக்கிக்கொள்கிறது. ஆகவே, முதல் சில வாரங்களுக்குக் கயிற்றையே நான் தேர்ந்தெடுப்பேன். இரு பக்கமும் தயங்காமல் கேன்டர் எடுத்த பிறகே அங்கவடியில் கால் வைப்பேன்.