இ.பி. வாங்கித் தருவதாகக் காசு கேட்கும் "பெண்கள் நெட்வொர்க்": டி.பி.யில் இருக்கும் ஐ.டி. பெண்கள் கவனத்துக்கு

கணவரின் இ.பி.யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) டி.பி. (டிபென்டன்ட்ஸ் பாஸ் என்ற குடும்பத்தினருக்கான அனுமதி) எடுத்து சிங்கப்பூர் வந்து, ஐ.டி. வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் பெண்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "டெக் பெண்களுக்கான கேரியர் சர்க்கிள்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நடத்துபவரும் தமிழ்ப் பெண்தான். அந்த நம்பிக்கையில்தான் பணம் கைமாறுகிறது.

செங்காங்கில் வசிக்கும் ஒருவருக்கு நடந்ததை, அடையாளம் தெரியாதபடி இங்கே சொல்கிறோம். வயது 31. சென்னை ஓ.எம்.ஆரில் ஆறு வருடம் டேட்டா இன்ஜினியர். குழுவில் சேர 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினார். முதல் வாரம் ரெஸ்யூமே திருத்தம், இரண்டு ஜூம் கூட்டம். அடுத்து "ப்ரொஃபைல் அசெஸ்மென்ட்" என்று 300 வெள்ளி. பிறகு இப்படி ஒரு மெசேஜ்: "சிஸ்டர், டைரக்டர் நமக்குத் தெரிஞ்சவர். இந்த மாசம் ரெண்டு ஸ்லாட்தான். பாஸ் ப்ராசஸிங் 1,800 இன்னிக்கே போட்டா ஒண்ணை உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறேன்." பணம் போடச் சொன்ன பேநவ் (வங்கிப் பணம் அனுப்பும் முறை) எண் ஒரு தனி ஆளின் கைப்பேசி எண்.

போட்டார். பத்து நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. அதில் மாதச் சம்பளம் 7,800 வெள்ளி. அதன் பிறகுதான் ஃபோன் வந்தது: கையில் நிற்பது 4,500, மீதி 3,300ஐ மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும், "இங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க." அவர் மறுத்துவிட்டார். கட்டிய 2,580 வெள்ளி திரும்பவில்லை.

ஏன் 7,800 என்ற எண்? இங்கேதான் எல்லாரும் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இ.பி.க்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி, நிதித்துறை என்றால் 6,200. ஆனால் இது இளம் பட்டதாரிக்கான தொகை. 23 வயதுக்கு மேல் படிப்படியாக ஏறி, நாற்பதுகளின் நடுவில் 10,700 ஆகிறது. நிதித்துறையில் அதைவிடக் கூடுதல். ஆக 31 வயதுக்காரருக்கு 4,500 வெள்ளி சம்பளத்தில் இ.பி. கிடைக்க வழியே இல்லை.

அதைத் தாண்டினால், இ.பி. விண்ணப்பத்தை மதிப்பிடும் காம்பஸ் புள்ளிமுறை. புது விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் தேசியப் பன்முகத்தன்மை, உள்ளூர் ஊழியர் விகிதம் என நான்கு அடிப்படை அளவுகோல்கள்; ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் நிலையில் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறிய நிறுவனத்துக்குக் கடைசி இரண்டுக்கும் தானாகவே தலா 10 கிடைத்துவிடும். சரிபார்க்கப்பட்ட சாதாரணப் பட்டத்துக்கு 10. மொத்தம் 30. மிச்சப் பத்தும் பெரும்பாலும் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். அதே துறையில், அதே வயதில் உள்ள உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு 65ஆம் விழுக்காட்டு நிலையை (நூறில் 65 பேரைவிடக் கூடுதலான சம்பளம்) தொட்டால்தான் அந்தப் பத்து. தொடவில்லை என்றால் 30லேயே நின்றுபோகும். பொய்ச் சம்பளத்தைத் தாளில் ஏற்றுவது இதற்காகத்தான்.

இந்த ஆட்கள் சின்னக் கம்பெனியாகப் பிடிப்பதற்கும் இதுவே காரணம். இன்னொரு வசதியும் அவர்களுக்கு உண்டு. இ.பி. விண்ணப்பத்துக்கு முன் வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனத்துக்கு இல்லை. "விளம்பரம் தேவையில்லை" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. அதனாலேயே அது நல்ல தூண்டில்.

சம்பளத்தைத் திருப்பி வாங்குவது குற்றம். வேலை கொடுத்ததற்குக் கைமாறாகப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. தெரிந்தே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பெண்ணும் சிக்கலில் மாட்டுவார். கணவரின் இ.பி. ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த ஆபத்தை யாரும் ஏற்கக் கூடாது.

இப்போது ஒவ்வொரு கட்டணமாகப் பார்ப்போம்.

300 வெள்ளி "அசெஸ்மென்ட்" என்பது மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கும் சுய மதிப்பீட்டுக் கருவிதான். காசில்லை, லாகின் இல்லை. வயது, படிப்பு, சம்பளம், துறை ஆகியவற்றைக் கொடுத்தால் வாய்ப்பு எப்படி என்று சொல்லிவிடும்.

1,800 வெள்ளி "பாஸ் ப்ராசஸிங்" இதைவிட மோசம். இ.பி.க்கு நாம் விண்ணப்பிக்கவே முடியாது. நிறுவனமோ அது நியமித்த முகவரோதான் விண்ணப்பிக்க முடியும். அமைச்சு வாங்குவது விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, பாஸ் வழங்கும்போது 225 வெள்ளி. இந்தத் தொகையை அமைச்சு விண்ணப்பதாரரின் கைப்பேசி வழியாக வசூலிப்பதில்லை.

"நான் ஏஜென்ட் இல்லம்மா, மென்டர்" என்றார் குழுவை நடத்தும் அந்த அம்மா. பெயர் எதுவானாலும், வேலையில் சேர்த்துவிட ஏற்பாடு செய்யும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 80,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. நிறுவனத்தின் உரிம எண்ணையும், பேசும் ஆளின் பதிவு எண்ணையும் (ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும்) கேளுங்கள். இரண்டையும் அமைச்சின் வேலை முகவர் பட்டியலில் தேடிப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் கோபப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆஃபர் லெட்டரில் உள்ள யு.இ.என். எண்ணை (நிறுவனப் பதிவு எண்) நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 5.50 வெள்ளி கட்டினால் நிறுவன விவர அறிக்கையே கிடைக்கும்: இயக்குநர்கள் யார், முதலீடு எவ்வளவு, முதன்மைத் தொழில் எது என எல்லாம் அதில் இருக்கும். இவருடைய ஆஃபரில் இருந்த நிறுவனம் உண்மையானதுதான், நடப்பிலும் இருந்தது. ஆனால் தொழில் துணி மொத்த வியாபாரம். டேட்டா இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை? நிறுவனத்தின் பெயரை முன்பே கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் 5.50 வெள்ளியில் 1,800 தப்பியிருக்கும்.

"எல்.ஓ.சி. (லெட்டர் ஆஃப் கன்சென்ட் என்ற வேலைக்கான ஒப்புதல் கடிதம்) வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம். 2021 மே 1 முதல் டி.பி.யில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர இ.பி., எஸ் பாஸ் அல்லது வொர்க் பெர்மிட்தான் வேண்டும். பழைய எல்.ஓ.சி. கதையை இன்னும் விற்கிறார்கள். குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்து எல்.டி.வி.பி.யில் (நீண்டகால வருகை அனுமதி) இருப்பவர்களுக்கு எல்.ஓ.சி. வழி உண்டு, அது வேறு பாஸ், வேறு விதி. இரண்டையும் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள்.

ஐ.பி.ஏ. லெட்டர் (பாஸுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தரும் கடிதம்) வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் நம்ப வேண்டாம். அதை வைத்துக்கொண்டு வேலையை விடுவதோ டிக்கெட் போடுவதோ கூடாது. அமைச்சின் தளத்தில் விண்ணப்ப நிலையை நீங்களே பாருங்கள். முகவரி "ஜிஓவி டாட் எஸ்ஜி" என்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

காசு கேட்பதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. மாநாட்டு டிக்கெட், பயிற்சி வகுப்பு, ரெஸ்யூமே எழுதித் தருவது ஆகியவற்றுக்குக் கட்டணம் இருக்கலாம். நேர்காணலுக்கும் ரெஃபரலுக்கும் பாஸுக்கும் விலை சொன்னால் விலகுங்கள். ரெஃபரல் செய்யும் ஊழியருக்குப் போனஸ் கொடுப்பது கம்பெனி, நாம் அல்ல. பேர் பெற்ற அமைப்பின் பெயரைச் சொன்னாலும் சரிபாருங்கள். உலகம் முழுக்கத் தெரிந்த டெக் பெண்கள் அமைப்பான விமன் ஹூ கோட் 2024 ஏப்ரலில் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்துவிட்டது. அந்தப் பெயரில் இன்று உறுப்பினர் கட்டணம் கேட்டால் அது வேறு யாரோ. இங்கே தொடர்புகள் வேண்டுமானால் எஸ்ஜி விமன் இன் டெக், டெக்லேடீஸ் ஆகியவற்றின் சொந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? முதலில் வங்கியை அழையுங்கள், அடுத்து 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடி உதவி எண்ணை. பிறகு போலீஸ் புகார், அமைச்சிடம் புகார். குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பேநவ் ரசீது, குரல் பதிவுகள், அந்த எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். ஆள் யாரென்று தெரிந்து, சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் தேவையில்லை, அங்கே வக்கீலுக்கு இடமும் இல்லை.

சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், அடுத்த மாத ரொக்கத்தைக் கொடுக்கும் முன் அமைச்சிடம் போங்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த நாள், ரொக்கம் எடுத்த நாள், எடுத்த தொகை என்று மாதவாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.